மேலிருந்து பார்க்கையில் அன்ரோவின் படகு

1

இந்தக் கதை கல்லடியில் ஒரு சலூனில் எனக்குக் கிடைத்தது. என் முறை வரும்வரை வாங்கில் காத்திருந்தேன். கதிரையில் யாக்கோப்பு இருந்தார். ஐம்பது கடந்தவர், பலநாள் போட்டில் ஆழ்கடலுக்குப் போய் மூன்று நான்கு கிழமை கழித்துத் திரும்புகிற ஆள். முகத்தில் ஒரு பக்கம் வழித்தாயிற்று, மறுபக்கம் நுரை. சலூன்காரர் தன் கைபேசியைக் கண்ணாடிக்கு முன்னால் சாத்தி வைத்திருந்தார். அதில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரீபியன் கடலில் போதைப்பொருள் கடத்துவதாகத் தான் சந்தேகிக்கும் படகுகளை அமெரிக்க இராணுவம் வானத்திலிருந்து தாக்கி, அந்தப் படங்களைத் தானே வெளியிடுகிறதே, அவற்றில் ஒன்று. சாம்பல் நிறக் கடல், ஒரு படகு, பிறகு வெள்ளை வெளிச்சம். அதன் பிறகு படகு இல்லை.

“திரும்பப் போடு” என்றார் யாக்கோப்பு. மூன்றாம் தடவை போட்டபோது முன்னால் வளைந்து, விரலைத் திரையில் வைத்துப் படகிலிருந்த பீப்பாய்களை எண்ணினார்.

“ஒம்பது பரல். உள்ளுக்கு என்ன இரிக்கோ எனக்குத் தெரியா. நாங்க பன்னிரண்டு கொண்டு போவம். டீசலுக்கு.”

பிறகு எழும்பினார். சலூன்காரரின் துவாய் கழுத்தில், நுரை பாதி முகத்தில், அப்படியே வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தார். மீதி முகத்தை வழிக்க அடுத்த நாள்தான் வந்தார். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பயம் வந்தது. சிரிப்பு அன்றைக்கே போய்விட்டது. பயம் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் கடலில் அப்படி எதுவும் நடக்கவில்லை. இந்தக் கதையில் நான் நடத்தப்போகிறேன். ஒரு படகை அடித்து ஐந்து பேரைக் கொல்லப்போகிறேன், அதற்கு எவரிடமும் உத்தரவு வாங்கவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்று இவ்வளவு காலமும் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

2

தொடக்கம் ஒன்று:

அன்ரோ கடலுக்குப் போன பத்தொன்பதாம் நாள், வாவியில் மீன்கள் பாடிக்கொண்டிருந்த—

(வெட்டியாயிற்று. மட்டக்களப்பு மீன் பாடும் ஊர் என்று பேர்; இங்கே பேனை பிடித்தவர்களுக்கு மீனைப் பாடவைக்காமல் கை அடங்காது. வாவி என்பதும் எழுத்தில்தான். பேச்சில் நாங்கள் ஆறு என்போம். இந்தக் கதையில் மீன் வாயைத் திறக்காது.)

தொடக்கம் இரண்டு:

கலம் நீல நிறம். நீளம் பதினான்கு மீற்றர். ஆட்கள் ஐந்து. மேல்தட்டில் பரல் பன்னிரண்டு. கொடி தெரியவில்லை. அடையாளச் சமிக்ஞை முப்பத்தெட்டு மணித்தியாலமாக இல்லை. ஒருவன் குனிந்து எதையோ கையாளுகிறான். சந்தேகத்துக்கிடமானது.

இதை ஒரே மூச்சில் எழுதினேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. திரும்ப வாசித்தபோது கடைசிச் சொல்லில் நின்றேன். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராக இருந்தவன் நான். ‘சந்தேகத்தின் பேரில்’ என்பதை மூன்று மொழிகளிலும் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குப் பின்னால் எப்போதும் வேறு சொற்கள் வரும்: ‘கைதுசெய்யப்பட்டு நீதவான் முன்னிலையில் ஆஜர்செய்யப்பட்டார்.’ என் தொடக்கத்தில் அந்தச் சொற்களுக்கு இடமே இல்லை. சந்தேகத்துக்கிடமானது, முற்றுப்புள்ளி, வெளிச்சம்.

[யுத்த காலத்தில் எங்களில் பலருக்கு அந்தப் பின்பாதி வராமலே போனது. சந்தேகத்தின் பேரில் கூட்டிப்போனார்கள், அவ்வளவுதான். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன் என்று நினைத்திருந்தேன். எழுதிவிட்டேன்.]

குனிந்திருந்தவன் அன்ரோ. முப்பத்திநாலு வயது. தூண்டில் முள்ளில் இரை குத்திக்கொண்டிருந்தான்.

3

படகிலிருந்து சமிக்ஞை ஏன் வரவில்லை என்பதை யாக்கோப்புதான் எனக்குச் சொன்னார், மீதி முகத்தை வழிக்க வந்த அன்று.

பலநாள் போட்டில், அது எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும் கருவி ஒன்று பூட்டியிருக்கும். அது எந்நேரமும் வேலை செய்ய வேண்டும் என்பது சட்டம். முதலாளியும் தன் கைபேசியில் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு வேறு போட்டும் இருந்தால், மீன் விழுந்த இடத்துக்கு அதையும் அனுப்பிவிடுவார். முதலில் கண்டவர்களுக்கு மீன் குறையும். ஆகவே நல்ல இடம் அகப்பட்டால் சில பேர் சோறு காய்ச்சுகிற அலுமினியச் சட்டியைக் கழுவி, அந்தக் கருவிக்கு மேல் கவிழ்த்துக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். சட்டி போடுகிறது என்று சொல்வார்களாம். அதோடு றேடியோ செற்றையும் நிறுத்திவிடுவார்கள். சோற்றை வேறு ஏதாவதில் காய்ச்சுவார்கள்.

மீனை மறைக்கத்தான் இவ்வளவும். ஆனால் மீனுக்காக மறைந்த போட்டுக்கும் போதைத் தூளுக்காக மறைந்த போட்டுக்கும் மேலிருந்து பார்க்கிறவனுக்கு வித்தியாசம் கிடையாது.

இனி என் குற்றத்தைச் செய்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கரைக்குத் தென்கிழக்கே, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலில், ஒரு வெளிநாட்டு இராணுவம் ஒரு படகை அடிக்கிறது. (எந்த நாடு என்று பெயர் வைக்கவில்லை. பயம்தான், வேறு இலக்கியக் காரணம் இல்லை.) போதைப்பொருள் கடத்திய ஐந்து பேர் அழிக்கப்பட்டனர் என்று அறிக்கை விடுகிறது. படகின் பெயர் இல்லை. ஆட்களின் பெயர் இல்லை. பன்னிரண்டு விநாடிப் படம் மட்டும் இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் மார்கிறட் என் வீட்டுக்கு வருகிறாள். நாவலடியில் பாலர் பாடசாலை ஆசிரியை, அன்ரோவின் மனைவி. பிள்ளைகளோடு வர்ணம் பூசியபோது ஒட்டிய பச்சை அவள் விரல் நகங்களில் இன்னும் இருக்கிறது. ஓய்வுபெற்ற பிறகு நான் ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“சேர், ஒரு மனு எழுதோணும்.”

“ஆருக்கு, தங்கச்சி?”

“ஆரு அடிச்சாங்களோ அவங்களுக்கு. இஞ்ச மந்திரிக்கும் ஒண்டு.”

“அன்ரோட போட்தான் எண்டு தெரியுமா?”

“தெரியா. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முதலாளி வீட்டு செற்றில கதைச்சவர். ‘நாளைக்கு இருந்து செற்றில வரமாட்டன், தேடாத’ எண்டார். எனக்கு விளங்கிற்று, சட்டி போடப் போறாங்க எண்டு. முதலாளிக்கு அது தெரியா. தெரிஞ்சா அஞ்சு பேருக்கும் வேலை இல்ல.”

“அஞ்சு பேரா?”

“ஓம். எங்கட போட்டிலயும் அஞ்சு பேர்தான்.”

இந்த இடத்தில் நான் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டேன். பழக்கதோஷம். உரைபெயர்ப்பாளன் குரலில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு, போட்டில் மீனைத் தவிர வேறு ஏதாவது இருந்திருக்குமா என்று கேட்டேன்.

மார்கிறட் நகத்திலிருந்த பச்சையைச் சுரண்டினாள்.

“ரெண்டு நாளா எல்லாரும் இதைத்தான் கேக்காங்க. பாதரும் கேட்டார். மெதுவாக் கேட்டார்.”

“நீ என்ன சொன்னாய்?”

“தெரியா எண்டன். கடலுக்குப் போற ஆள்ட பையை நான் திறந்து பாக்கிறல்ல, சேர்.”

3 (திரும்பவும்)

இங்கே எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இந்த இடத்தில் அவள் சத்தியம் செய்ய வேண்டும் என்று நான் திட்டமிட்டிருந்தேன். ‘என்ர மனிசன் ஒரு சிகரட்டும் பத்தவைக்காத ஆள்’ என்று எழுதி வைத்திருந்த வரி இப்போதும் தாளின் ஓரத்தில் கிடக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் வேலை சுலபம். நீங்கள் அழுதிருப்பீர்கள், நான் மூன்று பக்கத்தில் கதையை முடித்திருப்பேன்.

அவள் சொல்ல மறுத்துவிட்டாள். இனி எனக்கும் தெரியாதது போல நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

4

ரிப்காவை நீதிமன்றக் கன்ரீனில் பிடித்து, மார்கிறட்டின் விஷயத்தைச் சொன்னேன். இளம் சட்டத்தரணி. நான் பழைய ஆள் என்பதால் மரியாதை, கதை எழுதுகிறவன் என்பதால் கொஞ்சம் பகிடி.

“இந்த முறையும் வக்கீலை வில்லனாக்குவீங்களா, சேர்?”

“இல்லை புள்ள. ஒரு கேள்வி. நடுக்கடலில் சந்தேகமான போட்டைக் கண்டால் என்ன செய்யலாம்?”

அவள் பிளேன்ரீயைத் தள்ளி வைத்தாள். “மறிக்கலாம். எந்த நாட்டுப் போட்டோ அந்த நாட்டுட்ட கேட்டு ஏறிப் பாக்கலாம். கொடியே இல்லாத போட் எண்டா கேக்காமலே ஏறலாம். ஓடினா முன்னால வெடி வைச்சுப் பயங்காட்டலாம். சாமான் இரிந்தா ஆளைப் புடிச்சுக் கோட்டுக்குக் கொண்டு வரோணும். இவ்வளவுதான்.”

“அடிக்க ஏலாதா?”

“அவங்க உங்களைச் சுட வந்தா சுடலாம். இல்லாட்டி யுத்தம் நடக்கோணும். அதுக்குத்தான் இதை யுத்தம் எண்டு சொல்றாங்க. தூள் கடத்துறவன் எதிரிப் படையாம். தூள் ஆயுதமாம். கடத்துறது பெரிய குற்றம், சேர், நான் இல்லையெண்டல்ல. ஆனா குற்றம் குற்றந்தான். பேரை மாத்தினா அது யுத்தமாகாது. யுத்தம் எண்டே வைச்சாலும், போட் உடைஞ்சு தண்ணியில மிதக்கிறவனை அடிக்கேலா. அது பழைய சட்டம்.”

நான் அவளுக்குச் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். சலூனில் அந்தப் படத்தை முதல் தடவை பார்த்தபோது, யாக்கோப்பு எண்ணத் தொடங்குவதற்கு முன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். என் மூத்த மகளின் புருஷன் இரண்டு வருடமாக ஐஸ் என்கிற போதைப்பொருள் பாவிக்கிறான். தன் வீட்டுக் கூரைத் தகரத்தைத் தானே கழற்றி விற்றவன். மாரிக்கு மகள் தறப்பாளின் கீழே இருந்தாள். அதைக் கடலால் கொண்டு வந்தவன் கையில் அகப்பட்டால் நானே அவனை ஆற்றில் அமுக்கியிருப்பேன். அமுக்கிய பிறகு அவன் பையைத் திறந்து பார்த்திருப்பேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

“சரி, புள்ள. உண்மையிலேயே அன்ரோ தூள் கொண்டு போயிருந்தால்?” என்று ரிப்காவைக் கேட்டேன்.

“அங்கதான் சேர் சட்டம் தொடங்குது. ஒண்டும் செய்யாத ஆளுக்கு எதுக்கு வக்கீல், எதுக்கு நீதவான்?”

[எங்கள் நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இந்தக் குற்றத்துக்குத் தூக்குத் தண்டனை இருக்கிறது. விசாரித்து, பகுப்பாய்வாளரின் அறிக்கை எடுத்து, தீர்ப்பும் சொல்வார்கள். அப்படியிருந்தும் 1976க்குப் பிறகு இங்கே எவரையும் தூக்கிலிடவில்லை. நான் உரைபெயர்த்த ஒரு வழக்கில் ஒன்பது மாதம் கழித்து வந்த அறிக்கை, பொதியில் இருந்தது குளுக்கோஸ் என்றது. அந்த ஆள் விறைத்துப் போய்க் கூண்டில் நின்றார். பிறகு பஸ் ஏறி வீட்டுக்குப் போனார். போவதற்கு ஆள் உயிரோடு இருந்தார்.]

கன்ரீனிலிருந்து திரும்புகையில் கல்லடிப் பாலத்தில் தலைக்கு மேல் ஏதோ இரைந்தது. குனிந்துவிட்டேன். கலியாணச் சோடியைப் படம் எடுக்கிறவர்களின் ட்ரோன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். பாலம் முடிந்ததும் வீடுவரை மர நிழல் பார்த்து நடந்தேன்.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் சனிக்கிழமை காலை வாழைச்சேனைத் துறைமுகத்துக்குள் அன்ரோவின் போட் வருகிறது, நிறையக் கெளவல்லா மீனோடு. செவ்வாய்க்கிழமை அடிபட்டது வேறு யாரோ. மார்கிறட் ஓடிப்போய் அவனுடைய கையைப் பிடித்து—

இதை எழுதும்போது எனக்கே சுகமாக இருந்தது. அப்படியென்றால் அந்த மற்ற ஐந்து பேர்? கதையில் இருந்து அவர்களை இரண்டாம் தடவை அழித்திருக்கிறேன். ஒருவரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவதில் அடிபட்டது அன்ரோவின் போட்தான், உள்ளே மீன் மட்டும்தான். அந்த நாடு வருந்துகிறது. தவறு நடந்துவிட்டது என்கிறது. தவறு என்றால், சரியான படகை அடித்திருந்தால் சரி என்று ஆகிறது. இந்த முடிவை அவர்களே எழுதிக்கொள்ளலாம், நான் தேவையில்லை.

மூன்றாவது முடிவை எழுத எனக்குப் பயமாக இருந்தது. பன்னிரண்டு பரலில் பதினொன்றில் டீசல். பன்னிரண்டாவதில், உரப்பையில் சுற்றி, அன்ரோ கடலில் வேறொரு படகிலிருந்து வாங்கி வைத்த—

இங்கே நீங்கள் அவன் கையை விட்டுவிடுவீர்கள். எனக்குத் தெரியும், நானும் விட்டேன். ‘சந்தேகத்துக்கிடமானது’ என்று முதலில் எழுதியவன் நான்தானே. சற்றுமுன் இரை குத்திக்கொண்டிருந்த அதே மனிதன், அதே தூண்டில், அதே பச்சை நகத்து மனைவி. ஒரு பரல்தான் மாறியது.

6

வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு மார்கிறட் வந்தாள். மனுவைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். கேள்விகள் மூன்று: கொல்லப்பட்ட ஐவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ் யார் உத்தரவிட்டது, உடல்கள் எங்கே. சட்டி விஷயத்தைப் போடுவதா விடுவதா என்று கேட்டேன்.

“போடுங்க. உள்ளதைப் போடுங்க. முதலாளி வேலையால நிப்பாட்டினா நிப்பாட்டட்டும்.” பிறகு விரலை ஒரு வரியில் வைத்தாள். “இதை எடுங்க.”

‘எனது கணவர் ஓர் அப்பாவி மீனவர்.’ நான் மிகவும் விரும்பி எழுதிய வரி.

“ஏன் தங்கச்சி? மனுவுக்கு அதுதானே பலம்.”

“அப்பாவியை அடிச்சது பிழை எண்டு எழுதினா, மத்தவனை அடிக்கலாம் எண்டுதானே வரும். அது எங்கட போட் இல்லாட்டி? அந்த அஞ்சு பேருக்கும் பொஞ்சாதி புள்ளைகள் இரிக்குந்தானே, சேர்.”

“சரி, எடுக்கிறன். ஆனால் ரெண்டு நாள் பொறுத்து அனுப்புவம். ஆர்ட போட் எண்டு தெரியட்டும்.”

“இல்ல. இண்டைக்கே அனுப்புங்க.” மனுவை என் பக்கம் தள்ளினாள். “அவர் வந்திட்டார் எண்டா நான் இதில கையெழுத்து வைக்க மாட்டன். கோயிலில மெழுகுதிரி கொழுத்திப்போட்டு வாயை மூடிட்டு இரிந்திருவன். எனக்கு என்னைத் தெரியும்.”

இந்த வரியை நான் அவளுக்காக எழுதி வைத்திருக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்: நான் சுகமாக எழுதிய அந்த முதலாவது முடிவிலிருந்து. வெட்கமாக இருந்தது.

கையெழுத்துக்கு இடம் காட்டினேன். அவள் வைக்கவில்லை.

“முதல் பேரா என்ர பேர் கிடக்கப்படாது.”

எங்கள் பக்கத்தில் அது எல்லாருக்கும் விளங்கும். யுத்த காலத்தில் காணாமல்போன ஆட்களைத் தேடி எழுதிய மனுக்களில் முதலில் பெயர் வைத்தவனைத்தான் முதலில் வந்து விசாரித்தார்கள். அதற்காக எங்கள் தெருவில் ஒரு வழி வைத்திருந்தோம். மார்கிறட்டின் தாயும் அதைச் செய்திருக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தேநீர் கிளாசை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, தாளின் கீழ்ப்பகுதியில் கவிழ்த்து, பேனையால் சுற்றி வட்டம் கீறினாள். வட்டத்தின் கோட்டில் தன் பெயரை எழுதினாள். வட்டத்தில் கையெழுத்து வைத்தால் யார் முதலில் வைத்தது என்று எவனாலும் சொல்ல முடியாது.

ஆனால் வட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தால் சொல்லலாம்.

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. முதலாளியின் மனைவி. செற்றில் யாரோ கூப்பிடுகிறார்கள், இரைச்சலில் யாருடைய குரல் என்று பிடிபடவில்லை, உடனே வா என்றாள். மார்கிறட் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு தெரு தள்ளித்தான் முதலாளியின் வீடு.

அது யாருடைய குரல் என்று நான் இன்னும் எழுதவில்லை. அன்ரோவாக இருக்கலாம். பக்கத்துக் கடலில் தொழில் செய்த வேறு போட்டாக, தண்ணீரில் எதையோ கண்டு சொல்வதாக இருக்கலாம்.

படகில் என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கப்போகிறீர்கள். எனக்குத் தெரியும். எழுதியவன் நான், பன்னிரண்டு பரலுக்குள்ளும் என்ன இருந்தது என்று வரிசையாகச் சொல்வேன். சொன்ன பிறகு கையெழுத்து வைக்கிறேன் என்றால் வேண்டாம். உள்ளே இருந்ததைப் பார்த்து வைக்கிற அந்தக் கையெழுத்து, அடித்தவர்களிடமே நிறைய இருக்கிறது.

தாள் மேசையில் கிடக்கிறது. மார்கிறட்டின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தை எழுதிவிட்டு நிற்கிறேன். கை ஓடவில்லை. நீங்கள் வைத்தால் நானும் முடித்துவிடுவேன். அவள் முதலாளி வீட்டு மதிலில் சைக்கிளைச் சாத்துகிறாள். உள்ளே போய் அந்தக் குரலைக் கேட்பதற்குள் வையுங்கள்.